மூச்சு விடும் மேடு

ஜூலை 9
மூன்று ஏரி மேய்ச்சல்

ஹத்னேவுக்கு,

ஏழு வருஷம் கழிச்சு எழுதறேன். சமாதானம் பேச எழுதலை, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆத்தங்கரைக் கடையில பாவ்லா சொன்னான், நீ வெள்ளை ஏரிக்கரையில இரும்புக் கோபுரம் ஒண்ணு நட்டு அதுக்கடியில உக்காந்து காத்தை அளக்கறியாம். அளக்கிறவங்க பின்னாடியே திரியணும்னு உன் தலையில எழுதியிருக்கு போல.

ஒரே ஒரு கேள்வி. உங்க ஆளுங்க யாராவது ஆத்துத்துறையில துளை போட்டாங்களா?

பனி உருகினதும் அம்மாவுக்கு ரொட்டியும் மீனும் வைக்க அங்க போனேன். போன வருஷம் நாங்க பனிமான் கட்டின இடம் சமதரை. இப்போ அங்க ஒரு மேடு. மூணு ஆள் உயரம் இருக்கும். யாரும் மண்ணைக் கொட்டி வைக்கலை, மேல புல்லு முளைச்சபடியே இருக்கு, அடியிலேர்ந்து யாரோ முதுகைக் கொடுத்துத் தூக்கின மாதிரி. உச்சியில புல்லு இழுபட்டு, வெந்த ரொட்டி மாதிரி வெடிச்சிருக்கு. ஏறி நின்னா தளும்புது.

மான்கள் அந்தப் பக்கம் வாயே வைக்கலை. பாசி முழங்கால் அளவு கிடக்கு, மூக்கைத் திருப்பிக்குதுங்க. நாய் மட்டும் மேல ஏறிப் படுத்துது. இறங்கி வந்தப்போ குடிச்சவன் மாதிரி கோணல் நடை நடந்துது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தரைமேல வெச்சிருக்கிற அம்மாவோட சவப்பெட்டி முன்னாடி நின்னு ரொட்டியைப் பிட்டேன். காத்து இல்லை. கொசு மூஞ்சியில அப்பிக்கிட்டு நிக்குது, அப்படின்னா காத்து எவ்வளவு இல்லைன்னு உனக்கே தெரியும். அப்போ பெட்டிங்க மேல கட்டியிருக்கிற மணி அடிச்சுது. அம்மாவோடது மட்டும் இல்லை. ஏழு பெட்டி, ஏழு மணியும் ஒரே சமயத்துல. மெதுவா, கொஞ்ச நேரம். அப்புறம் நின்னுது. கொசு அசையவே இல்லை.

மண்ணுக்கடியில வாழற மனுசங்க வேலைன்னு உன் அண்ணி லிதா சொல்றா. எனக்கு உங்க ஆளுங்க வேலைன்னு தோணுது. துளை போட்டீங்களா இல்லையா, அதை மட்டும் எழுது. கடையில குடுத்தா பாவ்லா எனக்குச் சேர்த்துடுவான்.

யாப்கோ


ஜூலை 20
வெள்ளை ஏரி

அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

நாங்கள் துளை போடவில்லை. துளை போடுகிறவர்களும் இல்லை நாங்கள். இங்கே மூன்று பேர்தான். தலைமை இரைதா என்ற பெண், தலைநகரத்திலிருந்து வந்தவள், ஐம்பது வயது. அவளுக்குச் சமையல் வராது. ஒரு மின்சார வேலைக்காரர். நான். மண்மேல் கண்ணாடி மூடிகளைக் கவிழ்த்து வைப்போம். மண் விடுகிற காற்று மூடிக்குள் சேரும். குழாய் வழியாக அது அளவுக் கருவிப் பெட்டிக்கு வரும், பெட்டி அதில் என்ன எவ்வளவு என்று எண்ணும். நாளெல்லாம் இதுதான் வேலை. அடியில் உறைந்து கிடந்த மண் இளகுகிறது, அண்ணா. அதில் சிக்கிக் கிடந்தது எல்லாம் அழுகி வாயுவாகி மேலே வருகிறது. நான் வந்த முதல் வருஷம் வந்த எண்ணும் இந்த வருஷம் வருகிற எண்ணும் ஒன்றில்லை. நாங்கள் இருக்கிற வீடே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தினமும் காலையில் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. யாரோ வந்துவிட்டார்கள் என்று இரைதா இன்னும் எழுந்து பார்க்கிறாள்.

நீ சொல்லும் மேட்டைப் பற்றி அவளிடம் கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு உயரம்னு சொன்னான்?" என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன். மறுபடி கேட்டாள்.

பத்துக் கண்ணாடிக் குப்பிகளும் ஒரு சிரிஞ்சும் அனுப்புகிறேன். குப்பிகளுக்குள் ஒன்றுமில்லை, காற்றுக்கூட இல்லை, அதனால் மூடியைத் திறக்காதே. உச்சியில் இருக்கும் வெடிப்புக்குள் சிரிஞ்சை நீட்டி இழு, ரப்பர் மூடியில் குத்திக் குப்பிக்குள் விடு. சவப்பெட்டிகள் பக்கத்தில் மூன்று, ஆற்றோரம் மூன்று, மேட்டில் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் எங்கே, எப்போது என்று எழுது. மேட்டின் பக்கத்தில் புகைபிடிக்காதே. இதைச் சும்மா சொல்லவில்லை.

உன் மகள் நாஸ்தாவுக்கு ஆறு வயதாமே. பாவ்லா சொன்னார். உன்னைப்போலவே முறைப்பாளாம்.

ஹத்னே


ஆகஸ்ட் 2
மூன்று ஏரி

ஹத்னேவுக்கு,

உன் குப்பிப் பொட்டலம் வந்தப்போ மச்சான் செர்த்கோ கூட இருந்தான், லிதாவோட அண்ணன். பிரிச்சுப் பார்த்துட்டு, "பத்தும் காலி. வழியில எவன் குடிச்சான்?"னு கேட்டான். ஒண்ணுமே இல்லாத குப்பியை உன் தங்கச்சி தபால்ல அனுப்பறா, நீ அதுல ஒண்ணுமே இல்லாததை அடைச்சுத் திருப்பி அனுப்பப் போறேன்னு ரெண்டு நாள் சிரிச்சான். இருந்தாலும் கூட வந்தான். நாஸ்தாவும் வருவேன்னு ஒத்தைக்கால்ல நின்னா, கூட்டிட்டுப் போனேன்.

பத்தும் நிரப்பியாச்சு. மேட்டு மேல நாலு எடுக்கிறப்போ எனக்குத் தலை சுத்துச்சு. வெடிப்புக்குள்ள கையை விட்டா ஜில்லுன்னு காத்து வருது, முழங்கை வரைக்கும். விட்டு விட்டு வருது. ஒரே சீரா வந்திருந்தா நான் கண்டுக்கிட்டிருக்க மாட்டேன். வருது, நிக்குது, வருது. மேடு போன தடவையைவிட உசந்திருக்கு. செர்த்கோ இப்போ சிரிக்கலை.

ஆறு கொதிக்குது. துறைக்குக் கீழ, மீன் சூப்பு கொதிக்கிற மாதிரி குமிழ் வந்துகிட்டே இருக்கு. கையை வெச்சா பனித்தண்ணி.

நாஸ்தா மேட்டடியில படுத்துக் காதைத் தரையில வெச்சுக்கிட்டா. எந்திரின்னு சொன்னேன். "சும்மா இருப்பா, உள்ள யாரோ தூங்கறாங்க, புரண்டு படுக்கிறாங்க"ன்னு சொல்றா. பயந்த மாதிரியே தெரியலை. நானும் காதை வெச்சேன். அவ சொன்னது எனக்கும் கேட்டுது. உள்ள என்ன இருக்குன்னு சொல்ல வரலை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து கூடாரத்துல கோட்டைக் கழட்டி மாட்டினேன். லிதா அடுப்பு மூட்ட தீக்குச்சி கிழிச்சா. சுடர் நீலமா ஒரு சாண் எழும்பிட்டு அணைஞ்சுது. கோட்டுல ஒட்டிக்கிட்டு வந்திருக்குமா அது? லிதா இப்போ அந்தக் கோட்டை வெளியிலதான் தொங்க விடறா.

எரிவாயுக் குழாய்க்காரங்க வந்தப்போவும் இப்படித்தான். சிரிச்ச மூஞ்சியோட ரெண்டு பேர், கையில கருவி, நடுவுல மொழிபெயர்க்க நீ. "சும்மா அளந்துட்டுப் போயிடுவாங்க அப்பா"ன்னு நீ சொன்னதா அப்பாவே என்கிட்ட சொன்னாரு. அடுத்த வருஷம் குட்டி போடற இடத்துக்குக் குறுக்கே குழாய் போச்சு. முந்நூறு மான் குழாயைத் தாண்ட பயந்துகிட்டு அந்தப் பக்கம் நின்னு பட்டினி கிடந்துச்சு. அப்பா அதைப் பார்த்துக்கிட்டே செத்தாரு. நான் மறக்கலை. குப்பி நிரப்பினதுனால மறந்துட்டேன்னு நினைச்சுக்காதே.

எண்ணு என்னன்னு எழுது.

யாப்கோ


ஆகஸ்ட் 14
வெள்ளை ஏரி

அண்ணா,

குப்பிகள் உடையாமல் வந்தன. கையெழுத்து நாஸ்தாவுடையதா? "மேடு, மேலே, அப்பா தும்மினார்" என்று ஒன்றில் எழுதியிருக்கிறது.

முதலில் சவப்பெட்டிகள் பக்கத்துக் குப்பிகளைக் கருவியில் போட்டேன். எங்கள் சதுப்பில் மிக மோசமான இடத்தில் வருவதைவிட முப்பது மடங்கு. ஆற்றோரக் குப்பிகள் இன்னும் அதிகம். மேட்டுக் குப்பியைப் போட்டபோது பெட்டி எண் காட்டவில்லை. ஒரு கோடு காட்டியது. அதற்கு மேல் எண்ணத் தெரியாது என்று அர்த்தம். பெட்டி பழுது என்று நினைத்துக் கழுவி, காயவைத்து, அடுத்த நாள் சாதாரணக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கலக்கி மறுபடி போட்டேன். அண்ணா, நீ அந்தக் குப்பியில் அடைத்தது கிட்டத்தட்ட முழுக்க மீத்தேன்தான். நாம் சுவாசிக்கிற காற்று அதில் மிச்சமில்லை. நீ தலைசுற்றி விழாமல் இறங்கியது அதிர்ஷ்டம். கோட்டில் ஒட்டிக்கொண்டு வருமா என்று கேட்டாய். இரைதாவைக் கேட்டேன், வராது என்றாள். அப்படியானால் அந்தச் சுடர் என்ன என்றேன். கூடாரம் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். உங்கள் கூடாரத்தின் கீழே தரை எப்படி இருக்கிறது, பார்.

அந்த வாயு எவ்வளவு பழையது என்றும் கேட்டேன். அவள் கணக்கில் நாற்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த புல், பாசி, மிருகங்கள். அவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்த மூச்சு.

மேடு உப்பிக்கொண்டே போகும், ஒருநாள் வெடிக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்தால் வீடளவு மண்கட்டிகள் பறக்கும். தீப்பொறி இருந்தால் இன்னும் மோசம். செப்டம்பரில் நீங்கள் எல்லோரும் துறையில் பத்து நாள் கூடாரம் போட்டுக் குட்டிகளுக்குக் காதுக்குறி வெட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்று கூடாரம், பதினோரு பேர், மூன்று அடுப்பு. இந்த வருஷம் வேண்டாம். மேல்துறையில் கடந்துவிடு.

இரைதாவிடம் கையெழுத்துப் போட்டு எச்சரிக்கை அனுப்பச் சொன்னேன். "அந்த நிலம் குழாய்க்காரர்களின் குத்தகையில் இருக்கிறது. அங்கே அளக்க நமக்கு அனுமதி இல்லை. அளக்கவில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும்," என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் இதை நானாக எழுதுகிறேன், உன் தங்கையாக. போகாதே.

ஹத்னே


ஆகஸ்ட் 25
மூன்று ஏரி

ஹத்னேவுக்கு,

கூடாரத்தை வேற இடத்துக்கு மாத்திட்டேன். தரையில கம்பை ஊணினா வழவழன்னு இறங்கிச்சு, எடுத்தா ஓட்டையிலேர்ந்து புஸ்ஸுன்னு சத்தம். அதை ஒத்துக்கறேன்.

மத்ததை ஒத்துக்க மாட்டேன். மேல்துறைக்குச் சுத்திப்போனா நாலு நாள் அதிகம். வழியில பாசி இல்லை. கடைசியாப் பிறந்த குட்டிங்க எத்தனை தாங்கும்னு உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்துக்கு ஹெலிகாப்டர்ல போனவ.

அம்மாவை என்ன பண்றது? இலையுதிர் காலத்துல மூணு நாள் அவங்க பக்கத்துல அடுப்பெரியணும், கூடவே சாப்பிடணும். அப்பா இருந்தவரைக்கும் ஒரு வருஷமும் தப்பினதில்லை. இப்போ நான் போய், "அம்மா, உங்க பொண்ணோட பெட்டி ஒரு கோடு போட்டுச்சு, அதனால நான் வரமாட்டேன்"னு சொல்லணுமா?

நாற்பதாயிரம் வருஷத்து மூச்சுன்னு எழுதியிருக்கே. லிதாகிட்ட படிச்சுக் காட்டினேன். "யாரோட மூச்சு?"ன்னு கேட்டா. உனக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்.

நிசமாச் சொல்லட்டா? அந்த மேட்டைப் பார்த்தா எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அதைவிட உன் வாயைப் பார்த்தாதான் பயம். அந்த வாய் அப்பாகிட்ட என்ன சொல்லுச்சோ, அதுக்கு நேர் எதிரா இன்னிக்கு என்கிட்ட சொல்லுது. அன்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னுச்சு, இன்னிக்கு எல்லாம் போயிடும்னு சொல்லுது. ரெண்டு தடவையும் முடிவுல நாங்க எங்க இடத்தை விட்டுட்டுப் போகணும்.

துறையிலதான் கூடாரம் போடுவேன். செப்டம்பர் பத்தொன்பது.

யாப்கோ


செப்டம்பர் 3
வெள்ளை ஏரி

அண்ணா,

இதை நான் சொல்லமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது மீறுகிறேன்.

அளந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. குழாய் எங்கே போகும் என்று வரைபடத்தில் காட்டினார்கள். குட்டி போடும் இடத்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. அதை ஒரு வார்த்தை விடாமல் நம் மொழியில் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் பார்த்தார்.

அம்மா அப்போது கூடாரத்துக்குள் மூன்றாவது வாரமாக நோயில் படுத்திருந்தாள். நீ மந்தையோடு வடகோடியில் இருந்தாய். சிகிச்சை ஹெலிகாப்டர் கேட்டு நான்கு தடவை வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது, வானிலை சரியில்லை, எரிபொருள் இல்லை என்றே பதில். வந்திருந்த இருவரிடமும் சொந்த ஹெலிகாப்டர் இருந்தது. அப்பா கேட்டார், "இதுல நான் கைநாட்டு வெச்சா இன்னைக்கே அவளைத் தூக்கிட்டுப் போவீங்களா?" நான் அதை மொழிபெயர்த்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள்.

அப்பா வைத்தார். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். பதினோரு நாளில் அதே ஹெலிகாப்டரில் அவள் உயிரில்லாமல் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு உனக்குத் தெரியும்.

"யாப்கோவுக்குச் சொல்லாதே. அவன் மான்களைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நினைச்சுக் கோபப்படுவான். உன்மேல கோபப்பட்டா நீ தாங்குவே" என்று அப்பா சொன்னார். தாங்கினேன். வடகோடியில் அப்பாவின் சவப்பெட்டி முன்னால் எல்லோரும் பார்க்க, "இனி எங்க கூடாரத்துக்குள்ள கால் வைக்காதே" என்று நீ சொன்னபோதும் தாங்கினேன். அதற்கப்புறம் கொஞ்சம் தாங்க முடியாமல்தான் போனது. அதனால்தான் நான் வரவே இல்லை.

இதை நீ நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. நான் இன்றைக்கும் அன்றைக்கும் ஒரே வாயால்தான் பேசுகிறேன். வரைபடத்தில் இருந்ததைச் சொன்னேன், குப்பியில் இருந்ததைச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி அங்கே கூடாரம் போடாதே. நாஸ்தாவை அங்கே தூங்க வைக்காதே.

ஹத்னே


செப்டம்பர் 12
கடையிலிருந்து

தங்கச்சி,

தபால் கொண்டுபோற செயின் சக்கர வண்டி காத்துக்கிட்டு நிக்குது, பாவ்லா அவசரப்படுத்தறான். நின்னுக்கிட்டே எழுதறேன்.

நீ எழுதினதை நான் யாருக்கும் படிச்சுக் காட்டலை. லிதாவுக்கும் இல்லை. மூணு நாள் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு மந்தை பின்னாடி சுத்தினேன். அப்பா என்கிட்ட சொல்லியிருக்கலாம். நீயாவது சொல்லியிருக்கலாம். உங்க ரெண்டு பேரையும் என்ன பண்றதுன்னு தெரியலை, ஒருத்தர் போயிட்டாரு.

கூடாரம் துறையில போடலை. எல்லாரையும் மேல்துறைக்கு அனுப்பியாச்சு, லிதா ஓட்டிக்கிட்டுப் போறா. செர்த்கோ மட்டும் கோவிச்சுக்கிட்டுத் தன் குடும்பத்தோட தனியாக் கிழக்கே போயிட்டான். பொம்பளை பேச்சைக் கேட்டு மான் ஓட்டறவன் கூட வரமாட்டானாம்.

அம்மாவை அங்க விடமாட்டேன். பதினாறாம் தேதி நான் மட்டும் துறைக்குப் போறேன். ஆறு மான் பூட்டின சறுக்குவண்டி, ரெண்டு வார். பெட்டியை ஏத்திக் கரைமேல தூரமா கொண்டுபோய் வைக்கப்போறேன். வெச்சவங்களை நகர்த்தக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். லிதா என்னோட பேசறதில்லை, நீயும் எதுவும் சொல்லாதே. அவங்க மூச்சுக்காக அப்பா நிலத்தைக் குடுத்தாரு. அந்த நிலத்துமேலேயே வெடிச்சுச் சிதற விட எனக்கு மனசு வரலை.

சுருட்டுப் புகைக்கமாட்டேன். அடுப்பும் இல்லை. போதுமா?

யாப்கோ


செப்டம்பர் 16
வெள்ளை ஏரி

அண்ணா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. ஹெலிகாப்டர் இல்லை, அதைக் கொண்டுவந்த வண்டியும் உடனே திரும்பிவிட்டது, என்னிடம் மானும் இல்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டர். நடக்கலாம் என்று கிளம்பினேன், சதுப்பில் இடுப்பு வரை இறங்கிவிட்டேன். மின்சாரக்காரர் கயிறு போட்டு இழுத்தார். அதனால் இன்று காலையிலிருந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். காற்று மேற்கிலிருந்து, உன் பக்கத்திலிருந்து.

பதினொன்று நாற்பதுக்குக் காற்றழுத்தக் கோடு ஒரு முறை துடித்தது. ஊசியால் குத்தினது போல் மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு சமமாகிவிட்டது. மேஜைமேல் தேநீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரைதா கேட்டாளா என்று பார்த்தேன், அவளும் குவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம் கோபுரம் வழக்கமான எண்களைக் காட்டியது. நான் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தேன். ஒன்று இருபதுக்கு ஏற ஆரம்பித்தது. இரட்டிப்பு, மும்மடங்கு, அதற்கும் மேல். இருபது நிமிஷம் அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. மேகம் ஒன்று எங்கள் வீட்டைக் கடந்து போனதுபோல. வெளியே போய் நின்றேன். வானம் தெளிவாக இருந்தது. ஒரு வாசனையும் இல்லை, மீத்தேனுக்கு வாசனை கிடையாது. நான் அதைத்தான் சுவாசித்துக்கொண்டு நின்றேன். மேட்டுக்குள் இருந்ததையும், அதற்குப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும். அம்மாவை நினைத்தேன். அப்புறம் உன்னை நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

இரைதா அந்தக் கோட்டைத் தாளில் எடுத்தாள். தேதி, நேரம், காற்றுத்திசை, துறையின் பெயர், உன் பத்துக் குப்பிகளின் எண்கள், எல்லாவற்றையும் எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். "என்னை அனுப்பிவிடுவார்கள். உன்னையும்," என்றாள். வயர்லெஸ்ஸில் மாவட்டத்துக்குப் படித்துக் காட்டினாள். தேட யாராவது போவார்களா என்று கேட்டாள். பார்க்கிறோம் என்றார்கள்.

இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. லிதா அண்ணி, நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், நான்தான் அவனிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றி நான் எழுதாமல் இருந்திருந்தால் அவன் தனியாக அங்கே போயிருக்கமாட்டான். கூடாரத்தோடு போயிருப்பான். எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

அண்ணா, நீ படிக்கிறாய் என்றால் ஒரு வரி எழுது. திட்டி எழுது.

ஹத்னே


அக்டோபர் 4
மேல்துறைக்குத் தெற்கே

தங்கச்சி,

உயிரோட இருக்கேன். இடது தோள்பட்டை உடைஞ்சிருக்கு, லிதா கட்டிவிட்டிருக்கா. இடது காது செத்துப்போச்சு. வலது காதுல எந்நேரமும் கெட்டில் விசிலடிக்குது, அதுக்கு மேல கத்தினா கேக்கும். லிதா பேச ஆரம்பிச்சுட்டா. இவ்வளவு நாள் பேசாம இருந்ததெல்லாம் சேர்த்துக் கத்தறா.

நடந்ததைச் சொல்றேன். காலையிலேயே போய்ச் சேர்ந்துட்டேன். மேடு முன்னாடி பார்த்ததைவிட ரெண்டு மடங்கு. மேல இருந்த வெடிப்பு மூடிக்கிட்டிருந்துது, அதான் எனக்குப் பிடிக்கலை. மணி எதுவும் அடிக்கலை. பெட்டிக்கடியில வார் ரெண்டையும் விட்டு இறுக்கினேன். அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் தூக்கினேன், ஒரு முனை தரையை விட்டு எழும்பிச்சு. அந்த நேரம் ஆறு மானும் ஒண்ணா மண்டி போட்டுப் படுத்துடுச்சு. அடிச்சேன், இழுத்தேன், எந்திரிக்கவே இல்லை. அப்புறம் தானா எந்திரிச்சுது, எந்திரிச்சதும் வண்டியை இழுத்துக்கிட்டு ஓட்டம். வார் அறுந்துபோச்சு. அம்மா அங்கேயே, வண்டி எங்கேயோ. ஆறு மானும் வண்டியும் போனா நான் எப்படி வீடு சேர்றது? கெட்ட கெட்ட வார்த்தையாச் சொல்லிக்கிட்டே பின்னாடி ஓடினேன். அரைக் கிலோமீட்டர் ஓடியிருப்பேன்.

சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை. முதுகுல யாரோ கையை வெச்சுத் தள்ளின மாதிரி இருந்துது. விழுந்து திரும்பினா கறுப்பா ஒரு தூண் நேரா மேல போகுது. போய்க்கிட்டே இருக்கு. அப்புறம் மண்ணு மழையா விழுந்துச்சு, பனிக்கட்டி, கல்லு, பாசி. அதுல ஒண்ணுதான் தோள்ல.

மறுநாள் போய் எட்டிப் பார்த்தேன். பார்க்காம வர முடியலை. வட்டமா ஒரு குழி, சுவரெல்லாம் பனி, பீங்கான் கோப்பைக்கு உள்பக்கம் மாதிரி வழுவழுன்னு. ரொம்ப ஆழத்துல கறுப்புத் தண்ணி. ஏழு பெட்டியும் இல்லை. முந்நூறு அடி தள்ளி ஒரு பலகை கிடந்துச்சு, யாரோடதுன்னு தெரியலை, துடைச்சு வெச்சுட்டு வந்தேன். கையில இருந்த ரொட்டியைக் குழிக்குள்ள போட்டேன். விழற சத்தத்துக்காக நின்னேன். என் காது கேக்காதுங்கிறதை மறந்துட்டு ரொம்ப நேரம் நின்னிருக்கேன்.

உன்மேல குத்தம் இல்லை. கூடாரம் போட்டிருந்தா பதினோரு பேர். அதை நாஸ்தாவே விரல் மடக்கி எண்ணிட்டு என்னைப் பார்த்தா.

இப்போ விஷயத்துக்கு வரேன். செர்த்கோவைத் தேடிக் கிழக்கே போனேன். கோணல் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டிருக்கான், அவன், அவன் பொண்டாட்டி, நாலு பிள்ளைங்க, கிழவர் ஒருத்தர். கூடாரத்துக்குப் பின்னாடி ஒரு மேடு. ஒரு ஆள் உயரம் இருக்கும். அவன் பிள்ளைங்க அதுமேல ஏறிச் சறுக்கி விளையாடுதுங்க.

எல்லாத்தையும் சொன்னேன். குப்பி, கோடு, நாற்பதாயிரம் வருஷம், தோளையும் காட்டினேன். நீ எனக்கு எழுதின வார்த்தையெல்லாம் அப்படியே என் வாயில வந்துச்சு. அவன் கேட்டுட்டு, "துறையில நீ பெட்டியை நகர்த்தினே, அதான் அவங்க கோவிச்சுக்கிட்டாங்க. நான் யாரையும் நகர்த்தலையே"ன்னான். அப்புறம், "உன் தங்கச்சி குழாய்க்காரங்களோட வாய். இதை நீதான் ஏழு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே"ன்னான். நான்தான் சொன்னேன். எல்லாக் கூடாரத்துலயும் சொல்லியிருக்கேன், தங்கச்சி. எத்தனை பேரு நம்பிக்கிட்டிருக்காங்கன்னு எனக்கே தெரியாது.

திரும்பி வர்றப்போ ரெண்டு நாள் பயணத்துல இன்னும் மூணு மேடு பார்த்தேன். முன்னாடியே இருந்துதா, நான்தான் பார்க்காம இருந்தேனான்னு சொல்ல முடியலை.

நான் சொன்னா கேக்கமாட்டாங்க. நீ வரணும். வேலையிலேர்ந்து அனுப்பிட்டாங்கன்னா இன்னும் நல்லதாப் போச்சு. பெட்டியைக் கொண்டுவர விடமாட்டாங்கன்னா சும்மா வா. அப்பா எதுக்குக் கைநாட்டு வெச்சாருன்னு அவங்க முன்னாடி நானே சொல்றேன், நீ பக்கத்துல நில்லு போதும். ஏரி உறைஞ்சதும் இருபதாம் தேதி பாவ்லா கடை வாசல்ல சறுக்குவண்டியோட நிப்பேன். உனக்கு லிதா கோட்டு தைக்கிறா, அளவு தெரியாம என் அளவுலயே தைக்கிறா.

என்னைக் கூப்பிடறப்போ வலப்பக்கமா வந்து கூப்பிடு.

அண்ணன்